யுவராஜின் மஞ்சள் கொடி

யுவராஜ் இறந்துவிட்டான். போன ஞாயிறு விடியற்காலை, ஈசிஆரில் பைக்கில் போகும்போது, பின்னால் வந்த வேன் இடித்து... அந்த இடத்திலேயே.

ஒரு வாரமாக நிறைய பேர் மெசேஜில் கேட்டுவிட்டீர்கள். இன்றுதான் உட்கார்ந்து எழுத முடிகிறது.

கேளம்பாக்கத்தில் எங்கள் ஆபீஸில் டெஸ்டிங் டீமில் இருந்தான், என் சீட்டுக்குப் பக்கத்து வரிசை. ஊர் கருங்குழி. எல்லாரையும் அக்கா, அண்ணாத்த என்றுதான் கூப்பிடுவான்... மேனேஜரைக்கூட.

படித்தது கடல்சார் பொறியியல். அதைப் படித்துவிட்டு பேங்க் ஆப்பில் பட்டன் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

நாங்கள் கலாய்ப்போம். "கடல்ல யாரும் வேலை குடுக்கலக்கா, அதான் நானே போய்கினு கீறேன்" என்பான். அப்போது எனக்கு ஒன்றும் புரியவில்லை.

ஒரு தடவை டீம் அவுட்டிங், மாமல்லபுரம் பக்கம் பீச். என் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிப்போயிருந்தேன்.

அன்றைக்கு அலை பெரிது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் அலையே இல்லாமல் தண்ணீர் அமைதியாக இருந்தது. பெரிய புத்திசாலி மாதிரி அந்த இடமாகப் பார்த்துப் பிள்ளைகளை இறக்கினேன்.

எங்கிருந்தோ யுவராஜ் ஓடி வந்தான். இரண்டு பேரையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு போய் மணலில் போட்டான். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது.

"அலை ஒடையலன்னா அடியில பள்ளம் கீதுன்னு அர்த்தம்க்கா. கரைக்கு வந்த தண்ணியெல்லாம் அது வழியாத்தான் திரும்பப் போவுது. எறங்கினா இஸ்துகினு பூடும்."

கீழே கிடந்த ஒரு இளநீர்க் கூட்டை எடுத்து அந்த அமைதியான தண்ணீரில் போட்டான். அது பாட்டுக்குக் கடலுக்குள் போனது... போய்க்கொண்டே இருந்தது.

என் பிள்ளைகளும் அப்படித்தான் போயிருப்பார்கள்.

ஞாயிறு தவறாமல் அவன் அங்கே போகிறான் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பைக்கில் மூங்கில் கம்பும் துணியும் கட்டிக்கொண்டு போவானாம்.

முதலில் சிவப்புக் கொடிதான் நட்டிருக்கிறான், இங்கே இறங்காதே என்று. வந்தவர்கள் எந்தக் கட்சி மீட்டிங் என்று கேட்டிருக்கிறார்கள்.

அதுகூடப் பரவாயில்லை. கூட்டத்தில் தொலைந்துபோகாமல் இருக்க அந்தக் கொடியையே அடையாளமாக வைத்துக்கொண்டார்கள். செருப்பு, பை, மாற்றுத்துணி எல்லாம் கொடிக்கு அடியில்.

போனில், "செவப்புக் கொடியாண்ட கீறோம், வந்துடு." வந்தவுடன் அப்படியே நேராகத் தண்ணீரில்...

சொல்லும்போது அவன் சிரித்தான்.

அப்புறம் மாற்றிவிட்டான். எப்படியும் கொடியைத் தேடித்தானே வரப்போகிறார்கள்? அதனால் இறங்கினால் பரவாயில்லை என்கிற இடத்தில் மஞ்சள் கொடி. எந்தக் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள் என்று கேட்டார்களாம். இவனும் ஆமாம் ஆமாம் என்று விட்டுவிட்டான்.

ஆனால் அடியில் மணல் நகர்ந்துகொண்டே இருக்குமாம். காலையில் நன்றாக இருந்த இடம் மதியம் அப்படி இருக்காது.

அதனால் நாள் முழுக்க வெயிலில் நின்று, தண்ணீரையே பார்த்து, கொடியைப் பிடுங்கிப் பிடுங்கி நடுவான். கூட்டமும் பையைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னாலேயே போகும். சாயங்காலம் கொடியைக் கையோடு எடுத்து வந்துவிடுவான். ஆள் இல்லாமல் கொடி நிற்கக் கூடாது என்பான்.

இதையெல்லாம் ஏதோ ஒரு கவர்மென்ட் ஆபீஸில் போய்ச் சொல்லியும் பார்த்தான். போர்டு வைக்கிறோம் என்றார்களாம். போர்டை எப்படி சார் நகர்த்துவது என்று கேட்டுவிட்டு வந்துவிட்டான்.

கருங்குழியில் அவன் வீட்டுக்குப் போயிருந்தோம். அப்பா டெம்போ ஓட்டுகிறவர்.

ஞாயிறு காலையில் இவன் எதற்கு பீச்சுக்குப் போகிறான் என்று வீட்டில் யாருக்குமே தெரியாது. ஃப்ரெண்ட்ஸோடு ஊர் சுற்றுகிறான் என்று நினைத்திருக்கிறார்கள். நான்தான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப அவன் படிச்சது அதுக்குத்தானாம்மா? நான் அந்தப் படிப்பு வேஸ்ட்டு, வேஸ்ட்டுன்னு சொல்லிகினே இருந்தேன்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கிளம்பும்போது பைக்கிலிருந்து எடுத்து வைத்திருந்த மஞ்சள் கொடியைக் கொண்டு வந்து கொடுத்தார். "நீங்கல்லாம் படிச்சவங்க. அவன் செஞ்சத யாராச்சும் செய்யுங்கம்மா."

இன்று காலை கொடியோடு அதே பீச்சுக்கு வந்தேன். நல்ல கூட்டம்.

தண்ணீரைப் பார்த்தேன்... பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு இடம் அமைதியாகத் தெரிந்தது, கொஞ்ச நேரத்தில் அங்கேயும் அலை உடைந்தது. எனக்கு எல்லாம் ஒரே தண்ணீராகத்தான் தெரிகிறது.

தப்பான இடத்தில் நட்டுவிட்டால்? கொடியை நம்பி வந்துவிடுவார்களே...

சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். போகிறவர்களிடம் எல்லாம் தண்ணீரில் இறங்காதீர்கள் என்று சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டிவிட்டுப் போய் இறங்கினார்கள்.

ஒரு அம்மா, கூட இரண்டு பிள்ளைகள். என் மடியில் இருந்த மஞ்சள் துணியைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார்.

"கொடி நட்ற தம்பி இன்னும் வர்லியா? அது வந்து நட்டாத்தான் புள்ளைங்கள எறக்குவேன்."

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் பையை என் பக்கத்தில் வைத்துவிட்டு, பிள்ளைகளை இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

இதை இங்கே மணலில் இருந்துதான் டைப் பண்ணுகிறேன். அவர் இன்னும் ரோட்டுப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

போய் வாடா, யுவா.