வால் இறங்கிய கையெழுத்து

கோல்கீப்பராக இருந்த காலத்தில் அவருக்குச் 'சுவர்' என்று பெயர். அதனால் அவர் மனைவி எல்லோருக்கும் 'சுவர் வீட்டம்மா'.

கல்யாணமான புதிதில் அவருக்கு மணிக்கட்டு முறிந்தது. கையெழுத்துக் கேட்டு ரசிகர்கள் அனுப்பிய புகைப்படங்கள் மேஜையில் குவிந்து கிடந்தன.

"கட்டுப் பிரிக்கிற வரைக்கும் நீயே போட்டுடு. யாருக்குத் தெரியப்போகுது?" என்றார்.

கட்டைப் பிரித்தார்கள். வேலை மட்டும் அவளைவிட்டுப் பிரியவில்லை. அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருக்கும்போதுகூட, "இன்னும் நாலு படம் இருக்கு, வா" என்று கூப்பிடுவார். வருஷக்கணக்கில் போட்டுப்போட்டு, அவளுடைய சொந்தக் கையெழுத்தே அவருடையதைப்போல வளைய ஆரம்பித்தது. வங்கியில் ஒருமுறை, "இது நீங்க போட்டதுதானா?" என்று சந்தேகமாகக் கேட்டார்கள்.

அவருக்கு எழுபது வயதானபிறகு, பழைய விளையாட்டுப் பொருள்கள் வாங்கும் வியாபாரி ஒருவர் வீட்டுக்கு வந்தார். பையிலிருந்து வெடிப்பு விழுந்த தோல் பந்து ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். சுவரோடு ஒன்றாக ஆடிய, 'நெட்டை' என்று பெயரெடுத்த நண்பர் விற்பதற்குக் கொடுத்த பந்து. இறுதி ஆட்டம் முடிந்த கையோடு சுவரே அதில் கையெழுத்துப் போட்டதாக நெட்டை சொல்லியிருந்தார்.

வியாபாரி பூதக்கண்ணாடியைப் பந்தின்மேல் பிடித்தார்.

"மை நல்லா தோலுக்குள்ள இறங்கியிருக்கு, பழசுதான். தயங்கித் தயங்கி வரைஞ்ச மாதிரியும் இல்ல, வேகமா போட்டிருக்கு. ஆனா உருவம்தான் உதைக்குது ஐயா. உங்க கையெழுத்து போட்ட படம் எவ்வளவோ பார்த்திருக்கேன், வித்திருக்கேன். எல்லாத்துலயும் கடைசி எழுத்தோட வால் மேல ஏறும். இதுல கீழ இறங்குது. இது நீங்க போட்டதா?"

தேநீர்த் தட்டோடு நின்றிருந்தவளுக்கு ஒரு பார்வையே போதுமாக இருந்தது. மணிக்கட்டு முறிவதற்கு முன் அவர் போட்டது அது. வாலை மேலே ஏற்றியது அவள் கை.

அவர் பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை.

"ஞாபகம் இல்லையேப்பா," என்றார்.

"அப்ப சரி. அந்த நெட்டை ஆள் ஏமாத்துக்காரர்தான். இனிமே யாரும் அவர்கிட்ட எதையும் வாங்கக்கூடாதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்."

சொன்னால் புருஷன் மானம் போகும். சொல்லாவிட்டால் ஒரு பாவமும் அறியாத மனுஷன் பேர் நாறும். அவள் தட்டை வைத்துவிட்டு, வியாபாரியின் சட்டைப்பையிலிருந்த பேனாவைக் கேட்டு வாங்கினாள். மேஜையில் கிடந்த செய்தித்தாளின் ஓரத்தில் ஒரே இழுப்பில் போட்டாள். வால் மேலே ஏறி நின்றது.

"பந்துல இருக்கறது இவர் போட்டது. படத்துல எல்லாம் நான்."

வியாபாரிக்கு முகம் வெளுத்துவிட்டது. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அம்மா, இது இந்த அறையோட போகட்டும். நான் வித்த படம் எத்தனை வீட்டுல சட்டம் போட்டு மாட்டியிருக்கு தெரியுமா? வெளிய தெரிஞ்சா நான் தெருவுல நடக்க முடியாது. பந்தை நான் வாங்கிக்கறேன். ஐயாவே பார்த்து உறுதி சொன்னார்னு சொல்லிடறேன். நீங்க மட்டும் வாயத் திறக்காதீங்க."

"அவ திறக்கமாட்டா," என்றார் அவர்.

வியாபாரி போனபிறகு அவர், சாப்பாட்டுத் தட்டை வைத்தால் சாப்பிட்டார், எடுத்தால் எழுந்தார். அவள் செய்தது தப்பு என்று திட்டவாவது செய்திருக்கலாம்.

வார இறுதியில் நெட்டை போன் செய்தார். அவர் எடுத்துச் சிரித்துச் சிரித்துப் பேசினார்.

"உனக்கு ஒண்ணுன்னா நான் சும்மா இருப்பேனாடா?"

அப்புறம் போனை அவளிடம் நீட்டினார்.

"அண்ணி," நெட்டையின் குரல் தழுதழுத்தது. "அண்ணன் மட்டும் எடுத்துச் சொல்லலைன்னா என் மானம் கப்பலேறியிருக்கும். நீங்க குடுத்துவெச்சவங்க."

அவர் கை எட்டும் தூரத்திலேயே நின்று, அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா தம்பி," என்றாள்.