கை பாஸ், முகம் ஃபெயில்

போன ஞாயிற்றுக்கிழமை என் கணவர் எனக்கு ப்ரைமர் அடித்தார்.

சிரிக்காதீர்கள். அவரை நீங்கள் பார்த்ததில்லையே தவிர, வாரா வாரம் இந்தப் பத்திரிகைப் பத்தியில் படித்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். ஆவடி தொழிற்சாலையில் பெயின்ட் அடிக்கிற பிரிவுக்கு — பெயின்ட் ஷாப் என்பார்கள் — இன்ஸ்பெக்டர். ராணுவத்துக்குப் போகிற வண்டி எதுவும் அவர் தடவிப் பார்த்துத் தலையாட்டாமல் கேட்டைத் தாண்டாது. அப்படிப்பட்டவர் கையில் நாற்பத்தொன்பது வயது முகம் ஒன்று கிடைத்தால்... சும்மா விடுவாரா?

விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் மல்லிகாவைப் பெண் பார்க்க வருவதாகப் பூந்தமல்லியில் இருந்து தகவல் வந்தது. மல்லிகா டைப்ரைட்டிங் ஹையர் முடித்துவிட்டு மண்ணூர்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். லட்சணமாக இருப்பாள் — பெற்றவள் சொல்கிறேன் என்று கழித்துக்கொள்ள வேண்டாம், எங்கள் குவார்ட்டர்ஸில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பையனுக்கு பேங்கில் வேலை. ஜாதகமும் பொருந்திவிட்டது. ஏற்கெனவே ஓரிரு இடங்கள் தட்டிப் போயிருந்ததில் நான் ரொம்பவே சோர்ந்து போயிருந்தேன். இதாவது முடிந்துவிட வேண்டுமே என்று உள்ளுக்குள் ஒரே தவிப்பு.

தகவல் கொண்டுவந்த தரகர் செருப்பை மாட்டிக்கொண்டே, கடைசியாக ஒன்று சொன்னார்.

“பையனோட அம்மா கொஞ்சம் கறார்ம்மா. பொண்ணை அப்புறம்தான் பார்ப்பாங்க. முதல்ல பொண்ணோட அம்மாவைப் பார்ப்பாங்க. இருபத்தஞ்சு வருஷம் கழிச்சுப் பொண்ணு எப்படி இருக்கும்னு அதுலயே தெரிஞ்சுடுமாம். அம்பத்தூர்ல ஒரு இடம் அப்படித்தான் தட்டிப் போச்சு. அந்தம்மா கொஞ்சம் குண்டு.”

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். உடனே தரையைப் பார்த்தார்.

என் முகத்தைப் பற்றி இந்தப் பத்தியில் நான் எழுதியதே இல்லை. பத்திக்கு மேலே என் போட்டோ போடாத வரை நான் பிழைத்தேன். இரண்டு கன்னத்திலும் கருந்திட்டாக மங்கு. நெற்றியிலும் கண்ணோரத்திலும் கோடுகள். இதெல்லாம் எல்லோருக்கும் வருவதுதான். ஆனால் என் தோலுக்கு வயசோடு சேர்ந்து கோபமும் வந்திருக்கிறது. சோப்பை மாற்றினால் சிவக்கும். ஸ்நோ தடவினால் தடிக்கும். மஞ்சள் பூசினால் எரியும் — சொன்னால் யாராவது நம்புவார்களா? ஒரு சில வருஷமாக வெறும் தண்ணீரை வைத்தே அதைத் தாஜா பண்ணிக்கொண்டிருக்கிறேன்.

பக்கத்து வீட்டுக் கஸ்தூரிதான் முதலில் யோசனை சொன்னவள். ஆவடியை ஒட்டிய கோவில்பதாகையிலேயே பிறந்து வளர்ந்தவள். அவள் புருஷனுக்கும் எங்கள் வீட்டுக்காரருக்கும் ஒரே ஷாப்பில் வேலை. தொழிற்சாலை கிளப் நாடகங்களில் ராஜா வேஷம் என்றால் கஸ்தூரி புருஷன்தான். ‘கேக்’ என்கிற கட்டிப் பூச்சு முதல் எல்லாம் வைத்த மேக்கப் பெட்டி அவர்கள் வீட்டுப் பரணில் இருக்கும்.

“இதுக்குப் போய் இன்னாத்துக்குக்கா குந்திகினு யோசிக்கிற? நாடகத்துக்குப் பூசறாங்களே கேக்கு, அத்த பூசிக்கோ. எங்க ஊட்டுக்காரு மூஞ்சி பூரா அம்மைத் தழும்பு. ராஜா வேஷம் கட்டுனா ஒண்ணாச்சும் தெரியுதா சொல்லு.”

“எனக்கு எது பூசினாலும் அரிக்குமே கஸ்தூரி.”

“ராஜாக்கும்தான் அரிக்குது. அவுரு சொறிஞ்சிகினா சண்டை போடறாரு?”

என் கணவர் பேப்பரை மடித்து வைத்தார். அவர் பேப்பரை மடித்தால் வீட்டில் ஏதோ இன்ஸ்பெக்‌ஷன் ஆரம்பம் என்று அர்த்தம்.

“நேரா முகத்துல அடிக்கிற வழக்கமே கிடையாது. முதல்ல டெஸ்ட் பேனல்” என்றார்.

அவருடைய ஷாப்பில் புது பெயின்ட் வந்தால் எடுத்த எடுப்பில் வண்டி மேல் அடித்துவிட மாட்டார்களாம். ஒரு தகரத் துண்டில் அடித்து, காயவிட்டு, வெயிலில் வைத்துப் பார்த்து, நிறமும் பிடிப்பும் சரியாக இருந்தால்தான் வண்டிக்கு. அந்தத் தகரத்துக்குத்தான் டெஸ்ட் பேனல் என்று பெயர்.

“தகரத்துக்கு எங்கே போறது?” என்று கேட்டேன்.

“உன் கை இருக்கே.”

அடுத்த நாள் விமானப்படையில் இருக்கும் நண்பர் ஒருவர் மூலம் கேன்டீனில் இருந்து ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு வந்தார். திரவமாக இருந்தது. ஃபவுண்டேஷனாம். என்னென்ன நிறங்கள் இருந்தன என்று கேட்டேன். கேன்டீனில் நிறமெல்லாம் கேட்க முடியாது, இருப்பதை வாங்கிக்கொண்டு வர வேண்டும் என்றார். வெள்ளைக்காரத் துரைசானிகளை மனசில் வைத்து எங்கேயோ கலக்கிய நிறம். அது ஆவடி வரைக்கும் வந்து என்னிடம் மாட்டிக்கொண்டது.

என் இடது கையைத் திருப்பி, முழங்கைக்குக் கீழே உள்பக்கத்தில், பால்பாயின்ட் பேனாவால் மூன்று கட்டம் போட்டார். ஏ, பி, சி. முதல் கட்டத்தில் நாடகக் கேக். இரண்டாவதில் கேன்டீன் பாட்டில். மூன்றாவதில் இரண்டும் கலந்து. அன்று பூராவும் அந்தக் கை நனையக் கூடாது என்று உத்தரவு. ஒற்றைக் கையால் சாம்பார் வைத்தேன்.

குவார்ட்டர்ஸில் ஒரு விஷயம் எவ்வளவு நேரம் ரகசியமாக இருக்கும்? சாயங்காலம் ஷிஃப்ட் விட்டதும் ஒவ்வொருவராக என் கையைப் பார்க்க வந்தார்கள். ஒருவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “ஃபினிஷ் பரவாயில்லை” என்றார். இன்னொருவர் சுரண்டிப் பார்க்கக் கையை நீட்டினார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, நீட்டிய கையால் தன் மூக்கைச் சொறிந்துகொண்டார்.

ஏ கட்டம் சிவந்துவிட்டது. சி கட்டமும் அதே கதி. பி மட்டும் சாதுவாக இருந்தது. நிறமும் கையோடு கச்சிதமாக ஒட்டிப் போயிருந்தது. வாசலில் வெயிலுக்கு நேரே என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் என் கணவர். கல்யாணமான புதிதில்கூட அந்தக் கையை அவர் அவ்வளவு நேரம் பிடித்ததாக ஞாபகம் இல்லை.

“பி பாஸ்” என்றார்.

வண்டிக்கு எல்லாப் பக்கமும் ஒரே தகரம். மனுஷிக்கு அப்படியா? முழங்கையின் உள்பக்கம் வெயிலே பார்க்காமல் வெளுப்பாக, செல்லமாக வளர்ந்த இடம். முகம் அப்படியில்லை. ரேஷன் கியூவில் நின்றது, ரயிலுக்குக் காத்திருந்தது, அடுப்பு அனலை வாங்கிக்கொண்டது எல்லாமே அதுதான். கையை ஒன்றும் செய்யாதது முகத்தையும் ஒன்றும் செய்யாது என்று எப்படி முடிவு கட்டினோம்? எனக்கும் தோன்றவில்லை, தினமும் வண்டி பாஸ் பண்ணுகிறவருக்கும் தோன்றவில்லை. பரீட்சை எழுதியது கை. பாஸ் போட்டது முகத்துக்கு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னை ஸ்டூலில் உட்கார வைத்தார். ஃபேனைப் போட்டார். முதல் கோட் மெலிசாக. அது காய்ந்த பிறகு இரண்டாவது கோட். மங்கு இருக்கிற இடத்தில் மட்டும் இன்னொன்று. மல்லிகா கதவில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, இதெல்லாம் தேவையா?”

“உனக்காகத்தான்டி.”

“எனக்காகன்னா வேணாம்.”

“நீ போய்த் தலையைப் பின்னு.”

கண்ணாடியில் பார்த்தேன். மங்கு போயிருந்தது. கூடவே நானும் போயிருந்தேன். கழுத்து வரைக்கும் யாரோ ஒரு வெளுத்த அம்மாள், கழுத்துக்குக் கீழே நான். கோடுகளை மறைக்கும் என்று நம்பிப் பூசியது, கோடுகளுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொன்றையும் எடுத்துக் காட்டியது. சிரித்துப் பார்த்தேன். வாயோரத்தில் பூச்சு வெடித்தது.

“சிரிக்காம இரு” என்றார் என் கணவர்.

கஸ்தூரி பின்பக்கமாக எட்டிப் பார்த்தாள். “யக்கா, பொங்கலுக்கு வெள்ள அடிச்ச ஊடு மாரி கீறயே” என்றாள். கழுவவும் நேரமில்லை. வாசலில் டாக்ஸி வந்து நின்றுவிட்டது.

பையன், பையனின் அப்பா, அம்மா. மூன்றே பேர். பையன் நல்ல நிறம், நல்ல உயரம், கைக்குட்டையை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தான். அப்பா ஏதோ ஆபீஸில் சூப்பரிண்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டு நாற்காலியிலும் சூப்பரிண்டெண்டாகவே உட்கார்ந்தார். அம்மா ஒல்லியாக, அதிகம் பேசாதவராக இருந்தார். இவரா கறார் என்று எனக்கு ஒரே பயம்.

நான் சமையலறைக்குள் ஓடிவிட்டேன். பஜ்ஜிக்கு எண்ணெய் காய்ந்தது. என் முகமும் காய ஆரம்பித்தது. முதலில் குறுகுறுப்பு. அப்புறம் அரிப்பு. அப்புறம் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல எரிச்சல். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, சொறிந்தால் பூச்சு போய்விடும். பெண்ணின் எதிர்காலம் என் கன்னத்தில் இருக்கும்போது எப்படிச் சொறிவேன்?

“அரிக்குதா?”

திரும்பினேன். பையனின் அம்மா நின்றிருந்தார்.

“இல்லையே... புகை” என்றேன்.

“கழுவிடுங்க. எனக்கும் இப்படித்தான். எங்க வீட்டுக்காரர் எதையாவது வாங்கிட்டு வந்துடுவார். பூசிக்கிட்டாத்தான் நாலு பேர் நடுவுல கூட்டிட்டுப் போவார். ஒரு தடவை கண்ணே திறக்க முடியாமப் போச்சு. அதுக்கப்புறம்தான் விட்டார். வேணாம்மா, கழுவிடுங்க.”

எனக்குப் பொறுக்கவில்லை. கேட்டே விட்டேன். “நீங்க பொண்ணோட அம்மாவைப் பார்த்துத்தான் முடிவு பண்ணுவீங்கன்னு தரகர் சொன்னாரே.”

“நானா?” என்றார். சத்தம் வராமல் சிரித்தார். “அப்படித்தான் வெளியில சொல்லிக்கணும்னு இவர் சொல்லுவார். அந்த அம்பத்தூர்ப் பொண்ணு எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது.”

யோசித்துப் பாருங்கள். ‘பையனோட அம்மாவுக்குப் பிடிக்கலையாம்’ என்று நாம் எத்தனை வீட்டில் கேட்டிருக்கிறோம். அதில் எத்தனை அம்மாக்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டிருப்பார்கள்? பிடித்திருந்தால் அப்பாவின் தீர்மானம். பிடிக்காவிட்டால் அம்மாவின் பிடிவாதம். ஊரெல்லாம் இப்படித்தான் நடக்கிறது, நாமும் தலையாட்டிக்கொண்டு, சம்பந்தமே இல்லாத ஒரு பெண்பிள்ளையைத் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

அவர் குழாயைத் திறந்துவிட்டு, நனையாமல் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். நான் முகத்தில் தண்ணீரை அடித்து அடித்துக் கழுவினேன். அழுகை வந்துவிட்டது. எரிச்சலில் வந்தது பாதி. முன்பின் தெரியாத ஒருவர் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாரே, அதனால் வந்தது மீதி.

சிவந்த முகமும் மங்குமாக பஜ்ஜித் தட்டோடு ஹாலுக்குப் போனேன். பையனின் அப்பா என்னைப் பார்த்தார். பிறகு என் கணவரைப் பார்த்துக் கேட்டார்.

“என்ன சார் இது வீட்டம்மாவுக்கு? பரம்பரையா வர்றதா?”

“மங்கு சார். மேலாக்கத்தான். உள்ளே ஒரு குறையும் கிடையாது” என்றார் என் கணவர், கொஞ்சமும் தயங்காமல். அவர் எனக்கு அடித்த அத்தனை பூச்சையும் அந்த நிமிஷமே மன்னித்துவிட்டேன்.

மல்லிகா காபி கொடுத்தாள். பையனின் அப்பா குடித்து முடித்துவிட்டு மனைவி பக்கம் திரும்பினார்.

“உள்ளே இவ்வளவு நேரம் என்ன பண்ணிட்டிருந்தே? உன்னை எதுக்குக் கூட்டிட்டு வந்தது?”

கேட்டுக்கொண்டே காலி டம்ளரைப் பக்கவாட்டில் நீட்டினார், யார் வாங்குகிறார்கள் என்றுகூடப் பார்க்காமல். அந்தம்மா வாங்கிக்கொண்டார். இந்தப் பக்கம் பையனும் குடித்து முடித்து நீட்டினான். அவனும் பார்க்கவில்லை. அதையும் வாங்கிக்கொண்டார். மல்லிகா தட்டைப் பிடித்தபடி பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

மறுநாள் சாயங்காலம் தரகர் சிரித்த முகமாக வந்தார்.

“பொண்ணைப் பிடிச்சுப் போச்சாம். நாள் பார்க்கச் சொல்லிட்டாங்க. கல்யாண போட்டோ எடுக்கிறதுக்குள்ள நீங்க மட்டும் ஒரு ஸ்கின் டாக்டரைப் பார்த்துட்டா நல்லதுன்னு... பையனோட அம்மா அபிப்பிராயப்படறாங்களாம்.”

அம்மா பேரில்தான். எனக்கு உள்ளே சுருக்கென்றது. ஆனாலும் பொய் சொல்ல மாட்டேன், முடிந்துவிட்டதே என்ற நிம்மதியில் அதையும் விழுங்கிவிடத்தான் தயாராக இருந்தேன். டாக்டர்தானே, பார்த்தால் போயிற்று.

“வேணாம்னு சொல்லிடுங்க” என்றாள் மல்லிகா.

“ஏம்மா? பேங்க் உத்தியோகம். பையனுக்கு என்ன குறைச்சல்?” என்றார் தரகர்.

“அம்மாவைப் பார்த்தாப் பொண்ணு தெரியும்னா, அப்பாவைப் பார்த்தாப் பையன் தெரியாதா? நானும் பார்த்துட்டேன். இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு அந்த டம்ளரை வாங்க என்னால ஆகாது.” குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். “யாருக்குப் பிடிக்கலைன்னு கேட்டா, பொண்ணுக்குன்னு சொல்லுங்க. எங்கம்மா பேர்ல போட்டுடாதீங்க.”

தரகர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. வருத்தத்துக்கு நடுவில், எங்கேயோ ரொம்பப் பெருமையாகவும் இருந்தது.

என் கணவர் கையில் காலி டம்ளர். வழக்கம்போல என் பக்கம் நீட்டப் போனவர் பாதியில் நிறுத்தினார். எழுந்து உள்ளே போய், கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தார். சரியாகக் கழுவவில்லை. நான் அதைச் சொல்லவும் இல்லை.

எங்களுக்கு ஒரு மகனும் இருக்கிறான், பாலிடெக்னிக்கில் படிக்கிறான். அவனுக்குப் பெண் பார்க்கப் போக இன்னும் நாலைந்து வருஷம் ஆகும் — அதற்குள் இவர் தேறிவிடுவார் என்றுதான் நினைக்கிறேன்.