அட்டன் பஜாரில் பெண் பார்த்தது

எங்கள் பக்கம் பெண் பார்க்க லயத்து வரிசை வீடுகளுக்குப் போனால் அது தேயிலைத் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிடும். சரிவராமல் போனால் பேச்சு பெண்ணுக்குத்தான். அதனால் விவரமானவர்கள் அட்டன் பஜாரில் வைத்துக்கொள்வார்கள். இரண்டு வீட்டாரும் சாமான் வாங்க வந்தவர்கள்போல வருவார்கள். பிடித்தால் ஒன்றாக உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பார்கள். பிடிக்காவிட்டால் அவரவர் பஸ்ஸில் ஏறிப் போய்விடுவார்கள்.

அப்படிப் பஜாருக்குப் போவதற்கு முன்பே நான் ஒரு பெண்ணைப் பார்த்திருந்தேன். பார்த்தேன் என்று சொல்வது பிழை. கூச்சத்தில் தலை நிமிரவே இல்லை. அந்த வீட்டு வாசலில் மேய்ந்த கோழியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். "பொண்ணு எப்படி?" என்று அக்கா கேட்டபோது எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. சம்பந்தம் அத்தோடு போயிற்று.

இரண்டாவது தடவை என்னைக் கூட்டிப்போன அக்கா புருஷன் பஸ்ஸிலேயே சொல்லிவிட்டார்.

"இந்தா பாரு மாப்ளே. அவங்க பஸ்ஸு போறதுக்குள்ள மொகத்தப் பாத்து ஆமா, இல்லன்னு சொல்லணும். இந்தவாட்டியும் கோழியப் பாத்தீன்னா கோழியவே கட்டிக்க. நான் இனி வர மாட்டேன்."

"சரி மச்சான்" என்றேன், அவருடைய செருப்பைப் பார்த்துக்கொண்டு.

அடையாளம் சுலபமானது. பெண் மஞ்சள் கரை போட்ட பச்சைச் சேலையில், வளையல் கடைப் பக்கம் நிற்கும்.

தீபாவளிக்கு முந்திய ஞாயிறு அது. பஸ்ஸை விட்டு இறங்கியதுமே வடை பொரிகிற எண்ணெய் வாசமும் நனைந்த சாக்கு வாசமும் முகத்தில் அடித்தன. தூறல் விழுந்துகொண்டிருந்தது, யாரும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. "வாங்க வாங்க" என்று ஒரு கடையில் கூப்பிட, "எண்ட எண்ட" என்று சிங்களத்தில் அடுத்த கடையில் கூப்பிட்டார்கள். ஒரு கடையில் சேலைகளைக் கூரையிலிருந்து தரைவரை தொங்கவிட்டிருந்தார்கள். அவற்றை விலக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும். தேங்காய்ச் சொட்டுப் போட்டு வதக்கிய கடலை, கண்ணாடிப் பெட்டிக்குள் சிவப்பு மஸ்கட் அல்வா, தட்டில் மலைபோல முறுக்கு. எனக்குக் காலும் ஓடவில்லை, கண்ணும் நிற்கவில்லை.

பெண்ணின் அண்ணனைத் தேடி மச்சான் போய்விட்டார். நான் மட்டும் வளையல் கடைக்கு வந்து, சாமியை நினைத்துக்கொண்டு தலையை நிமிர்த்தினேன்.

மஞ்சள் கரை போட்ட பச்சைச் சேலையில் ஒரு பெண் கையை நீட்டி வளையல் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் இருந்தவளும் அதே சேலை. பின்னால் திரும்பினால் முறுக்குக்காரரிடம் சண்டை போட்டவளும் அதே சேலை. மழைக்கு ஒதுங்கியவர்களும் அதே. அப்போதுதான் விளங்கியது. அவர்கள் தோட்டத்துக் கடைக்காரர் தீபாவளிக்கு ஒரே கட்டுத் துணியை இறக்கி, எல்லா வீட்டுக்கும் கொடுத்திருக்கிறார். கொழுந்து மலையே இறங்கிப் பஜாருக்கு வந்ததுபோல இருந்தது.

கழுத்தில் தாலி இருக்கிறதா என்று பார்த்தால் பாதிப்பேரைக் கழித்துவிடலாம். கழுத்தைப் பார்க்க எனக்கு எங்கே தைரியம்?

வளையல் கடைக்கு எதிரே அச்சாறு விற்கிற வண்டி ஒன்று நின்றது. அங்கே ஒரு பச்சைச் சேலை மிளகாய்த்தூள் போட்ட அன்னாசியைத் தின்றுவிட்டு, உறைப்புத் தாங்காமல் ஒரு காலில் குதித்துக்கொண்டு சிரித்தது. கண்ணில் தண்ணீர் வந்தும் அடுத்த துண்டை எடுத்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டதும் என் நெஞ்சுக்குள் யாரோ தப்பு அடித்தார்கள். இதுவாக இருக்கட்டும் சாமி என்று வேண்டினேன். உடனே, வேறு யாருடைய பெண்சாதியாகவாவது இருந்துவிட்டால் என்ற பயத்தில் தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்த தலை குனிந்தபடியே நின்றது.

"அண்ணே, இந்தக் கருப்புக் கோட்டுக்காரருக்கும் ஒரு சுருள் அன்னாசி குடுங்க" என்றது அந்தக் குரல், அச்சாறுக்காரரிடம்.

"ஏய், ஆளு மாறிப்போச்சுன்னா என்னாடி செய்வ?" என்றாள் கூட நின்றவள்.

"மாறாது மதினி. கருப்புக் கோட்டு போட்டுக்கிட்டு வருவாருன்னு அண்ணன் சொல்லுச்சு. இங்க பாருங்க, அட்டன்ல கோட்டு போடாத ஆம்பளயே இல்ல. ஆனா ஒருத்தருதான் வந்த நேரத்துலேருந்து தரையப் பாத்துக்கிட்டு நிக்கிறாரு. கோழி ஏதும் வந்துச்சான்னு கேளுங்க."

கோழிக் கதை அவர்கள் தோட்டம் வரைக்கும் போயிருக்கிறது! வெட்கத்தில் கையில் வந்த சுருளை அப்படியே வாயில் கொட்டிக்கொண்டேன். காது வழியாகப் புகை வந்தது. வேறு வழியில்லாமல் தலை நிமிர்ந்து வாயைத் திறந்தேன். நேர் எதிரே அவள் முகம். மூக்கு நுனியில் மிளகாய்த்தூள் ஒட்டியிருந்தது.

அந்த நேரத்தில் மச்சானும் அவள் அண்ணனும் வந்து சேர்ந்தார்கள்.

"அட, என்னா மாப்ளே, அழுவுற? பாத்தியா, இல்லையா?"

தலையை மட்டும் ஆட்டினேன். அது ஆமாவா இல்லையா என்று எனக்கே தெரியாதபடி எல்லாப் பக்கமும் ஆடியது.

"அவரு பாத்தாரோ என்னமோ, நான் பாத்துட்டேன்" என்று அவள் மதினியிடம் சொன்னாள். "தேத்தண்ணி சொல்லச் சொல்லுங்க, பாவம். வாயி எரியுது அவருக்கு."

தேத்தண்ணி குடித்தோம். சாயந்தரம் அவர்களுடைய பஸ் கிளம்பியபோது ஜன்னல் முழுக்கப் பச்சைச் சேலைகள். எல்லாக் கையும் வெளியே நீண்டு ஆடின, வளையல் சத்தத்தோடு. எது அவள் கை என்று தெரியவில்லை. அதனால் பஜாரே பார்க்க, தலையை நிமிர்த்திக்கொண்டு, இரண்டு கையையும் தூக்கி அந்த முழு பஸ்ஸுக்கும் ஆட்டினேன்.