போகும்போது ஒழுகும் கார்

காத்தான்குடி உசனாருக்கு ஒரு வியாதி இருந்தது. அதை எந்த டொக்டரும் கண்டுபிடிக்கவில்லை, அவர் மனைவி சபூராதான் கண்டுபிடித்தாள். திருத்த வந்த வண்டியில் பிழை எங்கே என்று தெரியும்வரை மனுசனுக்குச் சோறு இறங்காது, பாயில் படுத்தால் முதுகு தரிக்காது. பிழை இன்னதென்று தெரிந்துவிட்டாலோ, திருத்துகிற வேலையை நாளைக்குத் தள்ளிவிட்டு மத்தியானமே குறட்டை விடுவார். முப்பது வருசமாக ஸ்பானர் பிடிக்கிறவருடைய வாழ்க்கையை இந்த இரண்டுக்குள் அடக்கிவிடலாம். ஊரெல்லாம் வெடிச்சத்தத்துக்குப் பயந்து விழித்திருந்தால், இவர் ஒரு கார்புரேட்டருக்காக விழித்திருக்கிறார் என்று சபூரா சொந்தக்காரரிடம் எல்லாம் முறையிடுவாள்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு வைகாசியில் அந்த வியாதி முற்றிப்போனது. காரணம் கனகசிங்கத்தின் கார்.

கனகசிங்கம் மட்டக்களப்பு நகரில் வாடகைக் கார் ஓட்டுகிறவர். உசனாரை அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவார். கார் ஒரு பழைய ஏ போர்ட்டி. அப்போது வாவிக்குக் கிழக்கே நகரம் அரசாங்க ஆமியிடமும் மேற்கே படுவான்கரை அதோடு சண்டையிட்ட இயக்கத்திடமும் இருந்தன. நடுவில் வவுணதீவுச் சோதனைச் சாவடி. நோயாளிகளை ஏற்றிவர அந்தச் சாவடியைத் தாண்டுவதற்குப் பாஸ் வைத்திருந்த வாடகைக் கார் இது ஒன்றுதான். அதனால் கனகசிங்கம் காரை விட்டாலும் பாஸை விடமாட்டார், சட்டைப்பையில் பொலித்தீன் சுற்றி வைத்திருப்பார்.

அந்தக் கார் திடீரென்று ஒயில் ஒழுகத் தொடங்கியது. சாவடியில் காரை ஓரமாக நிறுத்தி, சீற்றைக் கழற்றி, டிக்கியைக் கிளறி, ஒரு மணித்தியாலமாவது சோதிப்பார்கள். கார் நகர்ந்த பிறகு பார்த்தால் தரையில் கையகலத்துக்குக் கறுப்பாக ஒயில். படுவான்கரைக்குக் கொண்டு போகக்கூடாத சாமான்களின் பட்டியலில் ஒயிலும் இருந்தது. ஆகவே ஒயில் என்றாலே அங்கே நிற்கிறவர்களுக்கு மூக்கு வேர்த்துவிடும். புதன்கிழமை அங்கிருந்த அதிகாரி விரலை நீட்டிச் சொல்லிவிட்டார், இன்னொரு தரம் ஒழுகினால் பாஸைப் பறித்துவிடுவேன் என்று.

அந்த வெள்ளிக்கிழமைதான் கனகசிங்கம் தன் மகளை ஏற்றிவர வேண்டியிருந்தது. மகள் கண்ணகை படுவான்கரையில் வாழ்க்கைப்பட்டவள். முதல் பிள்ளை அங்கேயே, ஆஸ்பத்திரிக்கு வர வழியில்லாமல், பிறந்த அன்றே செத்துப்போனது. இரண்டாவது இப்போது வயிற்றில் தலை திரும்பாமல் கால்மாறிக் கிடந்தது. சத்திரசிகிச்சைக்கு நகரத்து ஆஸ்பத்திரி நாள் குறித்துக் கொடுத்திருந்தது, அவள் வெளியே வர இயக்கத்தின் அனுமதியும் வெள்ளிக்கிழமைக்குத்தான் கிடைத்திருந்தது. கார் போகாவிட்டால் அவள் வரமுடியாது.

வியாழக்கிழமை காலையில் கார் உசனாரின் கராஜுக்கு வந்தது. எஞ்சினை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துக் கழுவி, துடைத்து, காயவிட்டார். பிறகு சபூராவின் முகப்பவுடர் டின்னைக் கேட்காமலே எடுத்துவந்து எஞ்சின் முழுக்கத் தூவினார். ஒயில் கசிகிற இடத்தில் பவுடர் கறுத்துக் காட்டிக்கொடுக்கும், அது அவருடைய வழக்கம். ஒரு மணித்தியாலம் எஞ்சினை ஓடவிட்டார். பவுடர் தூவின மாதிரியே வெள்ளையாகக் கிடந்தது. பக்கத்து ஊர் ஆரையம்பதிவரை ஓட்டிப் போய்த் திரும்பினார். அப்போதும் வெள்ளைதான். இருந்தும் மனம் கேட்காமல் மேல்மூடி, பக்கமூடி, அடிச்சட்டி எல்லாவற்றுக்கும் கசிவை அடைக்கிற புதுக் கேஸ்கட் வெட்டிப் போட்டு, புது ஒயிலை அளவு பார்க்கும் கம்பியின் கோட்டுக்குச் சரியாக அளந்து ஊற்றினார். பின்னேரம் காரை எடுக்க வந்த கனகசிங்கத்திடம், வரும்போதும் இப்படி ஒழுகுகிறதா என்று கேட்டார். இல்லை, போகும்போது மட்டும்தான் என்றார் கனகசிங்கம், சர்வசாதாரணமாக.

போகும்போது வெறும் கார். வரும்போது நோயாளியும் கூட வருகிறவர்களும் பாயும் தலையணையும். ஒழுகுவதென்றால் பாரத்தோடு வரும்போதல்லவா ஒழுக வேண்டும்? அதே எஞ்சின், அதே ரோட்டு, அதே சாரதி. தொண்டையில் மீன்முள் நின்றமாதிரி இந்தக் கேள்வி உசனாருக்குள் நின்றுவிட்டது. சபூரா பொரித்து வைத்த மீனை அவர் தொடவில்லை. பவுடர் டின்னுக்காக அவள் ஏசியதும் காதில் விழவில்லை.

வெள்ளி விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டுச் சைக்கிளை எடுத்தார். கல்லடிப் பாலத்துச் சோதனை வரிசையில் நின்றபோது கால் நிலத்தில் நிற்கவில்லை. முன்னால் நின்ற மீன்காரர் இவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கனகசிங்கத்தின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் வேட்டி உடுத்து, திருநீறு பூசி, புறப்பட ஆயத்தமாக நின்றார். உசனார் சலாமும் சொல்லவில்லை, சுகமும் கேட்கவில்லை. பொனற்றைத் தூக்கி, ஒயில் பார்க்கும் கம்பியை உருவினார்.

கோட்டுக்கு மேலே நாலு விரல் அகலத்துக்கு ஒயில் நின்றது. துடைத்துவிட்டு மறுபடி விட்டுப் பார்த்தார். அதே அளவு. நேற்று அவர் கையால் அளந்த எஞ்சின் ஒரு இரவில் தானாக ஒயில் சுரக்காது.

"ஆர் ஊத்தின?" என்று கேட்டார்.

கனகசிங்கம் வாசலைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார். மருமகன் சிறுபோக நெல் விதைத்திருக்கிறான். தண்ணீர் இறைக்கிற பம்புக்கு ஒயில் இல்லை, அந்தப் பக்கம் கொண்டு போகவும் விடமாட்டார்கள். அதனால் ஒவ்வொரு தரமும் எஞ்சினிலேயே கூடுதலாக ஊற்றிக்கொண்டு போய், அங்கே அடிச்சட்டியைத் திறந்து கூடுதலை வடித்துக் கொடுத்துவிட்டு வருவார். எஞ்சினுக்குள் எவனும் அளந்து பார்க்கமாட்டான். கொஞ்ச நாளாகப் பம்புக்கு அதிகம் தேவைப்பட்டதாம், ஒழுகவும் தொடங்கியதே என்று இன்னும் கொஞ்சம் கூட்டி ஊற்றினாராம். கார் திருத்தியாயிற்றே என்று நேற்றிரவும் ஊற்றினாராம்.

உசனாருக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. கோட்டுக்கு மேலே ஏறின ஒயிலை எஞ்சின் அடித்து நுரைக்க வைத்துப் பின்பக்கத்தால் வெளியே தள்ளும், கிளச் பக்கத்து ஓட்டையால் அது சொட்டும். கூட்டக் கூட்ட ஒழுகும். வடித்த பிறகு ஒழுகாது. அவர் நேற்று முழுக்கத் துருவித் தேடியது பிழையே இல்லாத எஞ்சினில்.

பிழை தெரிந்துவிட்டது. ஆனாலும் இந்த முறை அவருக்கு மனம் ஆறவில்லை.

"இது வேற ஆருக்கெல்லாம் தெரியும்?"

ஒயில் எடுக்கிற கடைக்காரனுக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக்குத் தெரியும், ஸ்ராண்டில் நிற்கிற சாரதிமாருக்கும் தெரியும் என்றார் கனகசிங்கம்.

"எனக்குத்தான் தெரியா."

"உங்கட ஊரில அந்தத் தொண்ணூறில நடந்ததுக்குப் பிறகு எப்பிடிச் சொல்லுற காக்கா? நீங்க ஆமிக்கிட்டச் சொல்லமாட்டீங்க எண்டு மனசுக்குத் தெரியும். ஆனாலும் பயம் கிடக்கு."

அந்த ஆண்டு பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்களை இயக்கம் சுட்டபோது உசனார் இரண்டு சொந்தக்காரரை அடக்கம் செய்தவர். அதற்குப் பிறகும் இந்தக் காருக்குக் கீழே எத்தனை தரம் படுத்திருக்கிறார். திரும்பிப் போய்விடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தார். ஆனால் அந்தப் பக்கம் ஒரு பெண் நிறைவயிற்றோடு காத்துக்கொண்டிருந்தாள். காருக்குக் கீழே புகுந்து, அடிச்சட்டி ஆணியைத் தளர்த்தி, கூடுதல் ஒயிலைச் சட்டியில் வடித்தார். கிளச் பக்கத்து ஓட்டையைத் துணியால் துடைத்தார். கம்பியைக் கோட்டுக்குச் சரிபார்த்துவிட்டு, போய் வாங்க என்று மட்டும் சொன்னார்.

ஊருக்குத் திரும்ப மனம் வரவில்லை. ஆஸ்பத்திரி வாசலுக்கும் பஸ் நிலையத்துக்கும் நடந்தார். நகரத்துப் பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுதார், நெற்றி நிலத்தில் பட ஸஜ்தாவில் கிடந்தபோதும் வவுணதீவுச் சாவடியின் தரைதான் கண்ணில் வந்தது. பன்னிரண்டரைக்கு வரவேண்டிய கார் இரண்டு மணிக்கும் வரவில்லை. பாஸைப் பறித்திருப்பார்களோ, தான் கூடப் போயிருக்க வேண்டுமோ என்று மனம் அலைந்தது. ரோட்டில் வருகிற ஒவ்வொரு வண்டியின் சத்தத்துக்கும் எழுந்து எழுந்து உட்கார்ந்தார்.

இரண்டேகாலுக்குக் கார் வந்தது. சோதனைதான் நீண்டுவிட்டதாம். தரையில் ஒரு சொட்டும் இல்லை, அதிகாரி தானே குனிந்து பார்த்தாராம். கண்ணகையைத் தள்ளுவண்டியில் ஏற்றி உள்ளே கொண்டு போனார்கள். ஐந்து மணிக்கு ஒரு தாதி வந்து, பெண்பிள்ளை, இரண்டு பேரும் சுகம் என்றாள். கனகசிங்கம் சுவரில் சாய்ந்து அழுதார். உசனார் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளின் பூட்டைத் திறந்தார்.

கனகசிங்கம் பின்னாலேயே வந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டார். ரோட்டில் ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். அவர் குரலைத் தாழ்த்தவில்லை.

"செவ்வாக்கிழம திரும்பவும் அங்கால போறன் காக்கா. பம்பு நிண்டுபோச்சாம், பயிர் வாடுது. ஒழுகாம எவ்வளவு ஊத்தலாம்?"

உசனார் அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தன் சுட்டுவிரலை நீட்டி, நடுவில் மற்றக் கையால் பிடித்துக் காட்டினார்.

"கோட்டுக்கு மேல அரை விரல். அதுக்கு மேல ஊத்தினா எஞ்சின் காட்டிக்குடுத்திரும். நான் காட்டிக்குடுக்கமாட்டன்."