அவன் அழித்த முதல் வரி

கூடத்திலிருந்து அந்தச் செருமல் கேட்டது. சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தவளின் கை நின்றது. ஒரு வருடமாக இந்த வீட்டுப் பக்கமே தலைகாட்டாத கொழுந்தன்.

"அண்ணி இருக்காங்களாம்மா?"

"எங்கே போவா? அதான் வேலையை விட்டுத் துரத்திட்டாங்களே," என்றாள் மாமியார்.

பம்பு செய்யும் கம்பெனியில் அவளைச் சேர்த்துவிட்டவனே அவன்தான். உதிரிபாகங்களின் விவரமெல்லாம், இது பெயர், இது அளவு என்று குறிகள் இடப்பட்டு, எக்ஸ்எம்எல் என்கிற வகைக் கோப்பில் குவிந்து கிடக்கும். அதைப் படமும் கட்டமுமாகப் பக்கங்களில் அடுக்கிக் கொடுப்பது ஸ்டைல்ஷீட் என்கிற விதித் தொகுப்பு. அந்த விதிகளை எழுதியவள் அவள். மகன் காய்ச்சலில் கிடந்தபோதும், அவனை மடியில் போட்டுக்கொண்டு எழுதினாள். எல்லாம் முடிந்த பிறகு, "அண்ணிக்கு ஒண்ணும் ஓடலை, மொத்தமும் நான்தான் செய்தேன்" என்று கொழுந்தன் முதலாளி காதில் ஓதினான். அவன் மேலாளரானான். அவள் வீட்டுக்கு வந்தாள். அன்றிலிருந்து மாமியாருக்கு அவள் துப்புக்கெட்டவள்.

இப்போது கூடத்தில் மடிக்கணினியைத் திறந்து வைத்து அவளைக் கூப்பிட்டான்.

"கட்டமெல்லாம் காணோம் அண்ணி. எழுத்து மட்டும் ஒரே கொத்தாக் கொட்டுது. எர்ரர் எதுவும் வரலை. நாளைக்கு அச்சுக்குப் போகலைன்னா என்னை வெச்சிருக்க மாட்டாங்க."

அவள் கையை அலம்பி, நிதானமாகத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். எக்ஸ்எம்எல் கோப்பின் உச்சிக்குப் போனாள்.

இந்தக் குறிகளை வகுத்தது யார் என்று சொல்லும் முகவரி ஒன்று அங்கே இருக்கும். அவள் தன் பெயரை வைத்து எழுதியிருந்தாள். அது இல்லை. அந்த இடத்தில் அவன் பெயர் உட்கார்ந்திருந்தது. ஸ்டைல்ஷீட்டோ இன்னமும் அவள் முகவரியைச் சேர்ந்த குறிகளையே தேடிக்கொண்டிருந்தது. முகவரி மாறினால் அதற்கு எல்லாமே அந்நியம். எந்த விதியும் பொருந்தாமல் வெறும் எழுத்தைத் துப்பிவிட்டது.

உழைப்பைத் திருடியது போதாமல் பெயரையும் துடைத்திருக்கிறான் பாவி. ஆனாலும் அவள் குரல் குளிர்ந்தே இருந்தது.

"மேல் வரியை எப்ப மாத்தினீங்க தம்பி?"

"போன வாரம். அது சும்மா பேர்தானே?"

"அதை எடுத்துட்டு என் பேரைப் போடுங்க."

அவன் முகம் சுண்டியது. "வேற வழியே இல்லையா?"

இருந்தது. ஸ்டைல்ஷீட்டிலும் அவன் முகவரியையே போட்டுவிட்டால் தீர்ந்தது. அதைப் படிக்கத் தெரியாதவனுக்கு அது எப்படித் தெரியும்?

"இல்லை," என்றாள்.

ஒவ்வோர் எழுத்தாக அவள் சொல்ல, அவன் விரலால் தன் பெயரை அழித்து அவள் பெயரை அடித்தான். ஓடவிட்டதும் கட்டங்கள் வரிசையாக வந்து நின்றன.

"முதலாளி இதைத் திறந்து பார்ப்பாரே. யார் பேருன்னு கேட்டா?"

"உண்மையைச் சொல்லுங்க. பழக்கமில்லாததால முதல்ல கொஞ்சம் சிரமமா இருக்கும்."

மாமியார் மகனையே பார்த்தாள். "அப்ப இதெல்லாம் எழுதினது இவளாடா?"

"ம்."

"சத்தமா சொல்லுங்க தம்பி. அத்தைக்குக் காது மந்தம்."

மாமியாருக்கு அடுத்த தெருப் பேச்சுகூடக் கேட்கும். அது அவனுக்கும் தெரியும்.

"அண்ணிதாம்மா எழுதினாங்க. நான் பொய் சொன்னேன்."

அவன் பையைத் தோளில் மாட்டினான். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்ல யாரும் வாயெடுக்கவில்லை. அவன் செருப்பைக் காலில் நுழைத்து முடிக்கும்வரைகூட அவள் காத்திருக்கவில்லை. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.