தைப்பூச வாரத்து மழை

பசுமலையில் நான் பியூனாக இருந்த பள்ளிக்கூடத்துத் தோட்டத்தில் ஒரு மழைமானி இருந்தது. தினமும் காலை எட்டரைக்கு அதில் விழுந்திருக்கும் தண்ணீரை அளந்து நோட்டில் எழுதுவது என் வேலை. குளித்து, திருநீறு பூசிக்கொண்டுதான் அதைத் தொடுவேன். வானம் கொடுத்ததைக் கூட்டியோ குறைத்தோ எழுதுவது சாமி சந்நிதியில் நின்று பொய் சொல்வது போல என்று ஒரு பயம்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கும் ஒரு வாரம் மட்டும் அந்த வேலையைத் தங்கச்சி வீட்டுக்காரரிடம் விட்டுப்போவேன். அவர் அங்கேயே தோட்டவேலை பார்த்தார். "நீங்க முருகனப் பாருங்க மச்சான், மழைய நான் பாத்துக்கிறேன்" என்பார். விளாங்குடி தாண்டும்போது அவருக்கும் சேர்த்து ஒரு அரோகரா போடுவேன்.

எண்பதுகளின் நடுவில் ஓர் ஆராய்ச்சிக்காரர் வந்தார். செயற்கைக்கோள் எடுத்த மேகப் படங்கள் ஒரு கட்டு கொண்டுவந்திருந்தார். பருவமழை மாறிக்கொண்டு வருகிறதா என்று பார்க்கிறார்களாம்.

"மேலேருந்து பாத்தா மேகம் தெரியும். தரையில எவ்வளவு விழுந்துச்சுன்னு உங்க நோட்டுதான் சொல்லணும். படம் வந்தே கொஞ்ச வருஷம்தான் ஆகுது. அதுக்கு முந்தி நடந்ததுக்கு இது ஒண்ணுதான் சாட்சி" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

படத்தையும் நோட்டையும் ஒப்பிட்டுக்கொண்டே வந்தவர், தை மாதத்தில் நின்றார். நான் பழனிக்குப் போயிருந்த வாரத்தில் மூன்று நாள், படத்தில் இந்தப் பக்கம் முழுக்கத் துளி மேகம் இல்லை. நோட்டில் மூன்று நாளும் மழை. அடுத்த வருஷமும் அப்படியே.

"ஐயா, அப்ப மத்த நாளெல்லாம் எப்படி நம்புறது?"

தோட்டத்துக்குப் போய்க் கேட்டேன். மாப்பிள்ளை மண்வெட்டியைக் கீழே வைக்கக்கூட இல்லை.

"தெனம் சைபரே போட்டா, பாக்காம எழுதுன மாதிரி இருக்கும்ல? அதான் அங்கிட்டும் இங்கிட்டும் ரெண்டு தூத்தலப் போட்டு வச்சேன்."

"மழைமானியத் தெறந்தாச்சும் பாத்தீகளா மாப்ள?"

"தையில என்னத்த பெய்யப்போகுது! நாலு சொட்டுத் தண்ணிக்கா மச்சான் இம்புட்டுக் கோவம்?"

நாலு சொட்டுதான். ஆனால் அந்த வாரமெல்லாம் நான் வெறுங்காலோடு நடந்து, அவர் பிள்ளைகளுக்காகவும் வேண்டிக்கொண்டிருந்தேன்.

ஆராய்ச்சிக்காரரிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். நான் எழுதிய நாட்களை மட்டும் எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார். தைப்பூச வாரங்களை அடித்துவிடச் சொன்னார். பழைய நோட்டுகளையும் எடுத்துவந்து, வருஷம் வருஷமாகச் சிவப்பு மையால் அடித்தேன். மாப்பிள்ளை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், அதுல ஒரு வருசம் நெசமாவே பெஞ்சுச்சு. நல்ல மழை. அளந்துதான் எழுதுனேன்."

"எந்த வருசம்?"

"இந்தப் படமெல்லாம் வாரதுக்கு முந்தி. சரியா ஞாபகமில்ல."

மிச்சத்தையும் அடித்தேன்.