உருவிப் பார்க்காத கம்பி

பாடாலூர் பைபாஸ் ஓரத்தில் இருக்கும் முருகையன் பட்டறையைத் தெரியாத டிரைவர் அந்தப் பக்கத்தில் குறைவு. வண்டி ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கும்போதே சத்தத்தை வைத்துக் கோளாறைச் சொல்லிவிடுவார், பானட்டைத் திறக்கவே தேவையில்லை என்று அவருக்கு ஒரு பேர். டீக்கடையில் யாராவது அதை எடுத்தால் காதில் விழாத மாதிரி ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருப்பார். விழாமல் என்ன, ஒரு எழுத்து விடாமல் விழும். ஐம்பத்தெட்டு வயதில் முட்டி தேய்ந்துவிட்டது, கடையை மகன் அஜித்குமார் பார்த்துக்கொள்கிறான், மனுஷனுக்கு மிச்சம் இருந்தது அந்தப் பேர்தான்.

தை முடிந்த வாரத்தில் விக்கிரமங்கலத்திலிருந்து திருமுருகன் போன் செய்தார். மகள் சிவரஞ்சனிக்கு வைகாசியில் கல்யாணம். கொட்டகையில் முப்பத்தோரு வருஷமாகப் பூட்டிக் கிடக்கும் தாத்தா காலத்து அம்பாசிடரில்தான் மாப்பிள்ளை அழைப்பு நடக்க வேண்டும் என்று மகள் ஒற்றைக் காலில் நிற்கிறாள்.

"அப்பாவுக்கு அந்தக் காலத்துல நீங்கதானண்ணே வேல பாத்தது. வேற யாரு கையும் அதுல படக்கூடாது."

முருகையன் போனை மறு காதுக்கு மாற்றினார். பிறகு, "வந்து பாக்குறேங்க" என்றார்.

அந்த வண்டி என்றால் அவர் தயங்குவதற்குக் காரணம் உண்டு. முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் அவர் பட்டறை அரியலூரில் இருந்தது. சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற ரோடு. காலையில் துடைத்து வைத்த ஸ்பேனர் மத்தியானத்துக்குள் வெள்ளையாகிவிடும். அந்தப் புழுதிக்குப் பயந்து, இன்ஜினைத் திறந்தால் தெரிகிற ஓட்டையிலெல்லாம் துணியைத் திணித்துவிட்டுத்தான் வேலை பார்ப்பார். துணிக்குப் பஞ்சமில்லை. பெண்டாட்டி பரிமளா தையல்காரி. வெட்டி மிஞ்சிய துண்டு, அளவு தப்பிக் கெட்டுப்போன ஜாக்கெட் எல்லாம் பட்டறைக்கு வந்துவிடும்.

அந்த வருஷப் பங்குனியில் திருமுருகனின் அப்பா, விக்கிரமங்கலத்துப் பெரியசாமியின் அம்பாசிடருக்கு இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி மாட்டிக் கொடுத்தார். ஒன்பதாவது நாள், கல்யாணம் தள்ளிப்போய்க்கொண்டிருந்த மூத்த மகளைக் கூட்டிக்கொண்டு திருமழபாடிக்கு, பார்த்தால் சீக்கிரம் கல்யாணம் கூடும் என்கிற நந்தி கல்யாணம் பார்க்கக் கிளம்பினார் பெரியசாமி. பாதி வழியில் இன்ஜின் கத்திக்கொண்டு நின்றது. வெயிலில் குடும்பமே ரோட்டில் நின்றது. சாமிக்குத் தாலி கட்டுகிற நேரமும் கடந்து போனது.

டிராக்டரில் கட்டி வீட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஆள் அனுப்பி முருகையனை வரவழைத்தார்கள். அவர் வண்டியின் முன்பக்கம் ஹேண்டிலைப் போட்டு இன்ஜினைச் சுற்றிப் பார்த்தார். அசையவில்லை.

"என்னடா ஆச்சு?" என்றார் பெரியசாமி. ஊரே கூடி நின்றது.

"ஆயில் இல்லாம ஓட்டியிருக்காங்க" என்றார் முருகையன்.

டிரைவர் தர்மராஜ் பதறிப்போய், "ஆயில் வெளக்கு எரியலீங்களே" என்றான். ஆயில் குறைந்தால் எரிய வேண்டிய அந்த விளக்கு பியூஸ் போய் ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. மாற்றித் தரச் சொல்லி அவன் நாலு தடவை கேட்டிருக்கிறான், யார் கண்டுகொண்டார்கள்?

"காலைல கம்பிய உருவிப் பாத்தியாடா?"

ஆயில் அளவு பார்க்கும் கம்பியைத்தான் கேட்டார் பெரியசாமி. தோள் துண்டைக் கையில் எடுத்தான் தர்மராஜ். "புள்ளைக்குக் காச்சலுன்னு… அவசரத்துல மறந்துட்டேங்க."

அவ்வளவுதான். பெரியசாமி காலில் இருந்ததைக் கழற்றி அவன் கன்னத்தில் அடித்தார், அவன் பெண்டாட்டி கண் முன்னாலேயே. சாவியைப் பிடுங்கி வண்டியைக் கொட்டகையில் வைத்துப் பூட்டினார். அடுத்த மாதம் புது வண்டி, புது டிரைவர். தர்மராஜை நம்பி அதற்குப் பிறகு ஒருத்தரும் ஸ்டியரிங்கைக் கொடுக்கவில்லை. சுண்ணாம்புக்கல் குவாரியில் கல் சுமந்தான், இருமினான், இருமி இருமியே பதினோரு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போனான்.

அன்றைக்கு அந்தக் கம்பி முருகையன் கையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. ஏன் உருவிப் பார்க்கவில்லை? அப்படி ஒன்று தோன்றவே இல்லை என்று அவர் இவ்வளவு காலமும் தனக்குத் தானே சொல்லி வந்தார். தோன்றியது. உருவி, அதில் ஆயில் இருந்துவிட்டால், ஒன்பது நாளைக்கு முன்னால் ஹெட்டை மாட்டியவன் யார் என்று அடுத்த கேள்வி வரும். அதுவும் தோன்றியது.

மாசியில் கொட்டகையைத் திறந்தார்கள். வண்டி மேல் விரற்கடை கனத்துக்குத் தூசி, பின் சீட்டில் எலி குடித்தனம். பெட்ரோல் டேங்கில் வார்னிஷ் நாற்றம். முருகையன் முதல் வேலையாகக் கம்பியில்தான் கை வைத்தார். பிசின் பிடித்து இறுகிப்போயிருந்தது, வரவில்லை. ரொம்ப முறுக்கினால் ஒடிந்துவிடும் என்று விட்டுவிட்டார். பிளக்குகளைக் கழற்றி டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றிப் பத்து நாள் ஊறவிட்டார். ஹேண்டில் நூலளவுகூட அசையவில்லை. இன்ஜினை இறக்கிக் குட்டியானை வண்டியில் ஏற்றிப் பாடாலூருக்குக் கொண்டுவந்தார்.

"இத நான் தனியாப் பாத்துக்குறேன்" என்று மகனை எடப்பாளையம் பக்கம் நின்றுபோன ஒரு லாரிக்கு அனுப்பிவிட்டு, இன்ஜின் அடியில் ஆயிலை வடிக்கும் போல்ட்டைக் கழற்றினார். பழைய டின் ஒன்றை வைத்திருந்தார். பேருக்கு நாலு சொட்டு வரும் என்று எதிர்பார்த்தவர் பார்த்துக்கொண்டே நின்றார். கறுப்பாக, பாகு பதத்தில் இறங்கியது. டின் நிறைந்தது. இன்னொரு டின் எடுத்து வைத்தார். அளந்து பார்த்தால் ஊற்ற வேண்டிய அளவுக்கு ஒரு டம்ளர்தான் குறைவு.

பிறகு யாராவது ஊற்றியிருப்பார்களோ என்று யோசித்தார். கொட்டகைச் சாவி பெரியசாமியின் இடுப்பை விட்டு இறங்கியதில்லை. செத்துப்போன இன்ஜினுக்கு எந்தப் பைத்தியக்காரன் ஆயில் ஊற்றுவான்?

ஆயில் நிற்கும் சட்டியைக் கழற்றினார். பம்பு ஆயிலை உறிஞ்சுகிற வாயில் ஒரு சல்லடை இருக்கும். ஒரு சொட்டு ஆயில்கூட மேலே ஏற வழியில்லாமல் அதை மூடிக்கொண்டு ஏதோ அப்பியிருந்தது. ஸ்குரூ டிரைவரால் நெம்பி எடுத்து, பெட்ரோலில் போட்டு அலசினார். கனகாம்பரக் கலர் தெரிந்தது. துணி. ஓரத்தில் ரெண்டு கொக்கி, ஜாக்கெட் கொக்கி. வேலையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார்.

வீட்டில் பரிமளா அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். "என் கைத்தையலுல்ல இது? எங்க கெடந்துச்சு?"

சொன்னார். துணியை மடித்து அவர் கையிலேயே திணித்தாள்.

"அடுப்புல போடுங்க. தர்மராஜண்ணனே போயிட்டாரு. புள்ள கடைய நடத்திட்டு இருக்கான். இப்ப இதச் சொல்லி யாருக்கு என்ன ஆவப்போவுது?"

அவர் அடுப்பில் போடவில்லை. சொல்லவும் துணியவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ரெண்டு மாதம் வேலை பார்த்தார். தீய்ந்துபோன பேரிங் மெட்டலை மாற்றினார், கிராங்கைக் கடைசலுக்குக் கொடுத்து வாங்கினார், கார்புரேட்டரைப் பல் துலக்குகிற பிரஷ் வைத்துத் தேய்த்தார். இவ்வளவு சுத்தமாக அவர் எந்த இன்ஜினையும் கட்டியதில்லை.

வைகாசி பிறந்த முதல் வெள்ளிக்கிழமை காலை, விக்கிரமங்கலத்து வீட்டு வாசலில் வண்டி நின்றது. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். சொந்தக்காரர்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். திருமுருகன் முருகையனுக்குச் சால்வை போர்த்திவிட்டு எல்லாருக்கும் கதை சொன்னார். "டிரைவரு ஒருத்தன், ஆயில் பாக்காம ஓட்டிக் கெடுத்துட்டான். அண்ணன் அன்னிக்கே பாத்த ஒடனே சொன்னாரு. இன்னிக்கு அவரு கைதான் உசுரு குடுத்துருக்கு."

மாட்டுக் கொட்டகை ஓரத்தில் சாணிக் கூடையோடு நின்றவள் கலியம்மாள். தர்மராஜின் பெண்டாட்டி. புருஷன் அடி வாங்கிய வீட்டிலேயே அவளுக்குப் பிழைப்பு. கூடையை இறக்கிவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"மெக்கானிக்கண்ணே, ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே?"

"கேளும்மா."

"உள்ளாரல்லாம் பிரிச்சுப் பாத்தீங்களாம்ல. ஒரு சொட்டுகூடவா ஆயில் இல்லாமப் போயிருந்துச்சு?"

"ஏம்மா கேக்குற?" என்றார், சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு.

"கடைசி வரைக்கும் அவரு அதையேதான் சொல்லிட்டுக் கெடந்தாரு. கம்பிய உருவிப் பாக்காம எடுத்துட்டேன்டி, என் தப்புதான், அடிச்சது நாயந்தான்னு. பக்கத்து வூட்டுல டிராக்டர் நிக்கும். தெனம் விடிஞ்சதும் போயி அதுல கம்பிய உருவிப் பாத்துட்டு வருவாரு. அவுங்க திட்டுவாங்க. சாவுறதுக்கு ரெண்டு நாள் முந்திகூட செவுத்தப் புடிச்சிக்கிட்டே போனாரு. கொஞ்சம் இருந்துச்சுன்னாலும் சொல்லுங்கண்ணே. எனக்காச்சும் மனசு ஆறும்."

பரிமளா சொன்னது, மகன் நடத்தும் கடை, டீக்கடையில் பேசுகிற பேர் எல்லாம் முருகையன் மனசில் வந்து போனது. பையில் கை விட்டுத் துணியை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"நெறையா இருந்துச்சும்மா. கொஞ்சமில்ல, நெறையா. தர்மராஜ் மேல ஒரு தப்பும் இல்ல. நான் உள்ள மறந்து விட்டுட்டுப் போன துணி இது. இது போயி அடைச்சுத்தான் இன்ஜின் போச்சு. நாந்தான்."

சுற்றி இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். திருமுருகன் முகம் சுண்டியது. "அண்ணே, நல்ல காரியத்துல எதுக்கு இப்ப பழைய கதை? அப்பாவும் இல்ல, அவனும் இல்ல. பத்தரைக்கு ராகுகாலம் வருது, ஸ்டார்ட் பண்ணுங்க" என்று தோளைப் பிடித்துச் சீட்டில் உட்கார வைத்தார்.

ரெண்டாவது செல்ஃபிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது. ஒரு பிசிறு இல்லை. கை தட்டினார்கள், யாரோ ஒரு பெண் குலவை போட்டாள். சிவரஞ்சனி வண்டியோடு சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டாள். முருகையன் இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கியபோது கூட்டம் காபிக்கு உள்ளே போயிருந்தது. கலியம்மாள் மட்டும் துணியைப் பிடித்தபடி அதே இடத்தில் நின்றாள்.

"எதுண்ணே அந்தக் கம்பி?"

பானட்டைத் தூக்கிக் கம்பியை உருவி அவள் முன்னால் நீட்டினார். நுனியில் புது ஆயில் மினுமினுத்தது. மேல் கோடு வரை இருந்தது. அவள் ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இம்புட்டு இருந்துச்சா?"

"கிட்டத்தட்ட இம்புட்டு."

அவள் கம்பியைப் பார்த்தாள், அது வந்த ஓட்டையைப் பார்த்தாள், பிறகு அவர் கையைப் பார்த்தாள். "நீட்டுனா எட்டுற தூரத்துலதான இருக்கு. இத்த உருவிப் பாக்கத்தானா அன்னிக்கு உங்களுக்குக் கை வரல?"

விரலை அந்தத் துணியிலேயே துடைத்து, துணியை முந்தானையில் முடிந்துகொண்டு சாணிக் கூடையைத் தூக்கப் போனாள்.

உள்ளேயிருந்து திருமுருகன் காபி ஆறுவதாகக் கூப்பிட்டார். முருகையன் கம்பியைத் திரும்பச் செருகப் பார்த்தார். ஓட்டை தட்டுப்படவில்லை. மூன்றாவது தடவைதான் உள்ளே போனது.